கணப்புக் கார்

கண்டியில் ஓடுகிற காருக்குக் கணப்பு எதற்கு என்று கேட்டுச் சிரித்தவர்கள் எல்லோரும் டவுன்காரர்கள். ஹேவாஹெட்டைப் பக்கத்து ஆள் ஒருவர்கூடச் சிரித்ததில்லை. மார்கழி விடியலில் அந்த மலையில் வாய் கொப்பளித்துப் பார்த்தவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

பளீலின் கார் அமெரிக்காவில் செய்தது. முப்பத்தைந்தாம் ஆண்டு, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து வாங்கினான். பத்து வருஷம் பிறத்தியாரின் லொறியை ஓட்டி மிச்சம் பிடித்ததும், மனைவி கைரியாவின் கழுத்தில் கிடந்ததும் சேர்ந்துதான் அந்தக் கார் வீட்டுக்கு வந்தது. துரைக்கு மூட்டுவலி, குளிர் ஆகாது. அதனால் காரில் ஒரு சூட்டுப்பெட்டியை வரவழைத்துப் பூட்டியிருந்தார். டிரைவரின் கால்மாட்டில் ஒரு இறாத்தல் பாண் ரொட்டி அளவில் பெட்டி. என்ஜினில் சூடாகிற தண்ணீர் ஒரு றப்பர் குழாய் வழியாகப் பெட்டிக்குள் வரும். உள்ளே இருக்கிற மெல்லிய செப்புக் குழாய்களைச் சுற்றிவிட்டு இன்னொரு றப்பர் குழாய் வழியாக என்ஜினுக்கே திரும்பிப் போகும். பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன விசிறி. சுவிச்சைத் திருப்பினால் வெதுவெதுப்பான காற்று வந்து காலைத் தொடும். வித்தை அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்காகத்தான் மலையில் அதற்குக் கணப்புக் கார் என்று பெயர் விழுந்தது.

மார்க்கெட்டடியில் வாடகை ஹயருக்கு நிற்கும் மற்ற டிரைவர்மாருக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "பளீல் நானா, ஒங்கட கார்ல ரொட்டி சுட்டுத் தருவீங்களா?" என்பார்கள். பளீல் கோபிக்க மாட்டான். அவர்கள் சொன்னது அவன் காதில் விழுந்திருந்தால்தானே கோபிப்பதற்கு.

ஆமாம், அவன் அப்படிப்பட்ட ஆள். பாதி நேரம் இந்த உலகத்தில் இருக்க மாட்டான். கேட்ட கேள்விக்கு அரை மணி நேரம் கழித்துப் பதில் சொல்வான். அதற்குள் கேட்டவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பார். முப்பத்தாறு வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை. லொறி ஓட்டிய காலத்திலும் மாத்தளைக்கும் தோட்டங்களுக்குமாகவே ஓடியதில் கொழும்புப் பக்கம் போக வாய்க்கவில்லை. தலாத்து ஓயாவைத் தாண்டி மேலே ஏறும்போது, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம் நிரம்பி, அங்கொன்றும் இங்கொன்றுமாக மலைமுகடுகள் மட்டும் வெளியே தெரியும். கடல் இப்படித்தான் இருக்கும் என்று அவனாகவே முடிவு கட்டியிருந்தான். காலடியில் வெதுவெதுப்பு, காதில் என்ஜினின் முணுமுணுப்பு, கண்ணுக்குக் கீழே அந்த வெள்ளைக் கடல். அதில் தன் கார் ஒரு கப்பலாகப் போவதாக எண்ணிக்கொள்வான். வளைவு வரும்போது கைகள் தாமாகவே திரும்பிக்கொள்ளும். பின்னால் இருப்பவர்களும் மெல்ல மெல்லப் பேச்சை விட்டுவிடுவார்கள். அந்தச் சூட்டில் யாருக்கும் பேசத் தோன்றாது. தோட்டத்துப் பெண்கள் பிள்ளைகளை மடியில் போட்டபடியே தூங்கிப் போவார்கள்.

"மத்தவங்க கண்ண மூடிக் கனாக் காணுவாங்க. ஒங்களுக்கு அது தொறந்தேதான் ஈக்கணும்," என்பாள் கைரியா. மூன்று பெண் பிள்ளைகளையும் அவனையும் சேர்த்து நாலு பிள்ளைகள் என்று அக்கம்பக்கத்தில் அவள் கணக்குச் சொல்வதும் உண்டு.

கனவு காண்பதில் குற்றமில்லை. ஆனால் காருக்குக் கனவு தெரியாது பாருங்கள். அடுத்த வருஷம் வைகாசியில் ரேடியேட்டரின் அடியில் ஒரு பொட்டு ஈரம் தெரிந்தது. தொட்டால் விரல் நனைகிற அளவுதான். கட்டுக்கலையில் கராஜ் வைத்திருந்த பொன்னுத்துரையிடம் காட்டினான். பொன்னுத்துரை யாழ்ப்பாணத்து ஆள், கை சுத்தமான மெக்கானிக். குனிந்து பார்த்துவிட்டு, "ஊசி ஓட்டைதான். ஆனால் கழற்றி ஈயம் வைக்க வேணும். ரெண்டு நாளைக்கு வண்டியை விட்டிட்டுப் போம்," என்றார்.

கார் இல்லாத இரண்டு நாள். பளீலுக்கு அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "நாளைக்குக் கொண்டாறன்," என்று சொல்லிவிட்டு வந்தான்.

அந்த நாளை வரவில்லை. அதற்குப் பதிலாக, மார்க்கெட்டடி டிரைவர்மாரின் கைமருந்து வந்தது. ரேடியேட்டர் ஒழுகினால் அவர்கள் கராஜுக்கெல்லாம் போவதில்லை. ஒரு பிடி குரக்கன் மா, கேழ்வரகு என்பார்களே, அதன் மாவு. மூடியைத் திறந்து மாவைக் கொட்டி, தண்ணீரை விட்டு, என்ஜினை ஓட்டினால் தீர்ந்தது. மா சூட்டில் வெந்து இறுகி, ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். மற்றவர்களின் பழைய கார்களில் குழாயெல்லாம் கை நுழைகிற அகலம். மா எங்கே போனாலும் ஒன்றும் ஆகாது. பளீலின் காரில் மட்டும்தான் அந்தச் சூட்டுப்பெட்டியும், வைக்கோல் தண்டு தடிப்பில் செப்புக் குழாய்களும் இருந்தன. இதை யார் யோசிக்க வேண்டும்? அவன்தான். அவன் யோசிக்கவில்லை.

வைகாசியில் ஒரு பிடி போட்டான், ஈரம் நின்றது. ஆவணியில் இன்னொரு பொட்டு, இன்னொரு பிடி. ஐப்பசியில் மூன்றாவது தடவை, நன்றாகப் பிடிக்கட்டும் என்று இரண்டு பிடி. கைரியா பிட்டுக்கு வைத்திருந்த மா குறைவதைப் பார்த்து எலியைத் திட்டினாள்.

கார்த்திகைக்குள் காலடிக் காற்றில் சூடு குறைந்துவிட்டது. பளீல் அதைக் கவனித்தான். கவனித்துவிட்டு, இந்த வருஷம் மலையில் குளிர் அதிகம் என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான். ஏற்றத்தில் என்ஜின் சூடு காட்டும் முள் வழக்கத்தைவிட மேலே போனபோது, பாரம் கூட என்றான். நமக்குப் பிடித்தமானதில் கோளாறு என்றால் நாமும் இப்படித்தானே ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறோம்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு, மேலேயிருந்து தேயிலை ஏற்றி வந்த லொறியின் டிரைவர் மார்க்கெட்டடியில் இறங்கி நேராகப் பளீலிடம் வந்தான்.

"நானா, கணக்கப்புள்ள மூக்கையா சொல்லிவிட்டாரு. பொஞ்சாதிக்கு ஏழாம் மாசத்துலயே புள்ள பொறந்திருச்சு. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமாம். புள்ள மேல குளிர் படவே கூடாதுன்னு மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஐயா சொல்லிட்டாரு. நம்ம லொறியிலயே ஏறுங்கன்னு சொன்னேன். கேக்கல. கணப்புக் காரு வந்தாத்தான் புள்ளய வெளிய எடுப்பேன்னு நிக்கிறாரு."

மூக்கையாவைப் பளீலுக்குத் தெரியும். ஹேவாஹெட்டையில் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. வேலையாட்களைப் பேர் பதிந்து மலைக்கு அனுப்பும் உத்தியோகம். போன தை மாதம் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு இதே காரில் கண்டிக்கு வந்தவர், பாதி வழியில் நடுக்கம் நின்று, போர்வையை விலக்கிவிட்டு, "இது காரு இல்ல நானா, அம்மா மடி," என்று சொன்னார். அந்த நம்பிக்கையில்தான் கையில் இருந்த லொறியை விட்டுவிட்டு இருபது மைலுக்கு அப்பாலிருக்கும் காருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.

பளீல் உடனே புறப்பட்டான். தலாத்து ஓயாவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மாரஸ்ஸனையைக் கடந்து ஏற்றம் தொடங்கியதும் முள் கிடுகிடுவென்று ஏறிற்று. இரண்டு இடத்தில் நிறுத்தி நெடுநேரம் ஆறவிட்டு, தண்ணீர் விட்டான். குனிந்து சூட்டுப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். ஒரு ஓரத்தில் மட்டும் இளஞ்சூடு, மற்றதெல்லாம் சில்லென்றிருந்தது. இறக்கத்தில் சரியாகிவிடும், யா அல்லாஹ் சரியாக்கிவிடு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே மேலே போனான்.

பகல் ஒரு மணிக்குத் தோட்டத்தை அடைந்தபோது மூடுபனி தேயிலைக் கொழுந்து மலையை விட்டு ரோட்டுக்கு இறங்கிவிட்டிருந்தது. மூக்கையா வாசலிலேயே நின்றார். அவர் மனைவி பரிமளத்தை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவள் நெஞ்சோடு ஒரு பஞ்சுப் பொட்டலம். டிஸ்பென்சர் கொடுத்த பஞ்சு முழுவதையும் சுற்றி, அதன் மேல் கம்பளி. நடுவில் முகம் தெரிந்தது. பளீலின் உள்ளங்கைக்குள் அடங்குகிற முகம். பெண் பிள்ளை.

"நானா, கணப்பு போட்டிருக்கீங்கதானே?" என்று கேட்டார் மூக்கையா.

"போட்டுத்தான் ஈக்கி," என்றான் பளீல். விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் அது முழுப் பொய்யுமில்லை. அவன் வாழ்நாளில் அதற்குப் பிறகு எந்த முழுப் பொய்யும் அந்த அரைப் பொய் அளவுக்கு அவனை அரித்ததில்லை.

கார் இறங்கத் தொடங்கியது. ஹேவாஹெட்டையிலிருந்து கண்டிக்கு இறக்கம் என்று பேர்தான். இடையில் ரோடு பல தடவை ஏறி ஏறித்தான் இறங்கும். முன்னால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மரங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, மறுபடி பனிக்குள்ளேயே போய்விட்டன. சத்தமே இல்லாத ஒரு உலகம். வேறொரு நாளாக இருந்தால் பளீலுக்கு இதைவிட இன்பம் கிடையாது. இன்றைக்கு அவன் கனவு காணவில்லை. காலில் படுகிற காற்றையே கவனித்துக்கொண்டிருந்தான். அது குளிர்ந்தது. இன்னும் குளிர்ந்தது.

மூன்று மைல் தாண்டியிருக்கும். பின்னாலிருந்து பரிமளம் மெதுவாகச் சொன்னாள்: "நானா, காத்து ஜில்லுன்னு வருதே."

முள் அப்போது உச்சியில் நின்றது. முன்னால் மூடியிலிருந்து ஆவி சீறியது. என்ஜின் கொதிக்கிறது, கணப்பு குளிர்கிறது. இது என்ன அநியாயம் என்று பளீலுக்குப் புரியவில்லை. ரோட்டோரம் ஓடை விழுகிற ஒரு வளைவில் காரை நிறுத்தினான். விசிறியை நிறுத்திவிட்டு இறங்கி, முன்மூடியைத் தூக்கினான்.

விசிறிப் பட்டியைத் தொட்டான், இறுக்கமாகத்தான் இருந்தது. ரேடியேட்டரின் மேல்பக்கம் கை வைக்க முடியாத சூடு. கீழ்ப்பக்கம் ஓடைக் கல்லைப்போலக் குளிர்ச்சி. சூட்டுப்பெட்டிக்கு வருகிற குழாய் கொதித்தது. பெட்டியிலிருந்து திரும்புகிற குழாயில் சூட்டின் வாசனைகூட இல்லை. தண்ணீர் போகிறது, ஆனால் எங்கேயும் போய்ச் சேரவில்லை. ரேடியேட்டரின் அடியிலிருந்த திருகைத் திறந்தான். தண்ணீர் வரவில்லை. குச்சியால் குத்தினான். கரும்பழுப்பாக, கொழகொழவென்று ஒன்று மெல்ல வெளியே வந்து தொங்கியது.

அவன் அதை விரலில் எடுத்து முகர்ந்தான். நன்றாக வெந்த குரக்கன் களி.

வைகாசியில் ஒரு பிடி, ஆவணியில் ஒரு பிடி, ஐப்பசியில் இரண்டு பிடி. எல்லாம் சேர்ந்து ரேடியேட்டரையும் அடைத்து, செப்புக் குழாய்களையும் அடைத்துவிட்டன. ஒரே களி, இரண்டு கோளாறு.

"என்ன நானா கோளாறு?" மூக்கையா கண்ணாடியை இறக்காமல் உள்ளேயிருந்து கேட்டார்.

"கொழாய்ல அடைப்பு," என்றான் பளீல். எதனால் என்று சொல்லவில்லை. விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டான்.

"நானா," என்றாள் பரிமளம். குரல் உடைந்திருந்தது. "புள்ள அழவே மாட்டேங்குது. கால் ரெண்டும் குளுந்து கெடக்கு."

திரும்பி மேலே போக முடியாது. மூன்று மைல் ஏற்றத்தை இந்த என்ஜின் ஏறாது. முன்னால் முதல் தேநீர்க் கடைக்கு எட்டு மைல். நடுவில் காடும் தேயிலையும் தவிர ஒரு குடிசை கிடையாது. விறகு எல்லாம் பனியில் ஊறிக் கிடந்தது. பளீல் பனிக்குள் நின்றுகொண்டு சூட்டைத் தேடினான். உலகத்தில் எங்கேயும் சூடு இல்லாததுபோல் இருந்தது. அவன் முகத்துக்கு முன்னால் என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்குப் புத்தி வந்தது. இருக்கிற சூடெல்லாம் இங்கேதானே இருக்கிறது. அது தானாகப் பெட்டிக்குப் போகாவிட்டால், நாம் எடுத்துக் கொடுத்தால் என்ன?

வழியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொள்ள அவனிடம் எப்போதும் நான்கு காலி வினாகிரிக் கண்ணாடிப் போத்தல்கள் இருக்கும். அவற்றை எடுத்தான். ஒவ்வொன்றிலும் முதலில் கொஞ்சம் ஓடைத் தண்ணீர், வெடிக்காமலிருக்க. லேஞ்சித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, சூட்டுப்பெட்டிக்குப் போகிற குழாயை என்ஜின் பக்கத்தில் பிடித்து இழுத்தான். கொதிநீர் பொங்கிக்கொண்டு வந்தது. இடது மணிக்கட்டில் பாதி ஊற்றியது. அந்தத் தழும்பு கடைசிவரை அவனோடு இருந்தது. ஒரு போத்தல் வெடித்தது. மூன்று நிரம்பின. தக்கையை அடைத்து, பின் ஆசனத்தில் கிடந்த தன் மாற்றுச் சாரத்தைக் கிழித்துச் சுற்றி, ஒவ்வொன்றையும் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். பொறுக்கும் சூடு வந்த பிறகு உள்ளே கொடுத்தான். பரிமளம் ஒன்றைப் பிள்ளையின் காலடியிலும் இரண்டைப் பக்கத்திலும் வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து நெஞ்சோடு அணைத்துச் சேலையால் மூடிக்கொண்டாள்.

இனி என்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும். கொதிக்கிற இரும்புக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு பிளந்துவிடும் என்பது டிரைவர் வேலையின் அரிச்சுவடி. ஆறவிட வேண்டும். அரை மணி நேரமாவது. பளீல் பின் கண்ணாடி வழியாகப் பரிமளத்தின் முகத்தைப் பார்த்தான். அவள் உதடுகள் பிள்ளையின் நெற்றியில் இருந்தன. அவன் புனலை அந்தக் குழாய் கழன்ற வாயில் வைத்து ஓடைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். உள்ளே எங்கோ இரும்பு முனகியது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தந்த நாளில் கைரியா சிரித்த சிரிப்பு அவனுக்கு நினைவு வந்தது.

இரண்டு மைலுக்கு ஒரு தடவை போத்தல்களை மாற்றினான். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றிப் பின்னால் யார் கேட்டாலும் அவனால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. வெள்ளையாக இருந்தது என்பான். எங்கே ரோடு, எங்கே பள்ளம் என்று தெரியாத வெள்ளை. அதற்குள் ஒரு சின்ன மூச்சை எல்லோரும் சேர்ந்து ஏந்திக்கொண்டு போனதுபோல் இருந்தது என்பான். மூக்கையா ஒவ்வொரு வளைவிலும் இறங்கி முன்னால் நடந்து வழி காட்டினார். காருக்குள் ஏதோ ஒரு பழகிய வாசனை, அடுப்படி வாசனை, மெல்ல நிறைந்தது. மூன்றாவது தடவை தண்ணீர் ஊற்றும்போது என்ஜினுக்குள் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. கதவுத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம்போல, அவ்வளவு சின்னதாக. பளீலுக்கு அது என்ன என்று தெரியும். அவன் புனலை எடுக்கவில்லை.

சத்தம் கேட்டுச் சிறிது நேரத்தில் பிள்ளை அழுதது. பூனைக்குட்டியின் அழுகை. பரிமளம் பின்னாலிருந்து, "போங்க நானா, போங்க," என்றாள்.

தேநீர்க் கடையில் முதலாளி ஒரு கேத்தல் நிறையக் கொதிநீர் கொடுத்தார். அதற்குப் பிறகு என்ஜினிடம் சூடு கேட்க வேண்டியிருக்கவில்லை. கார் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, தட்டிக்கொண்டு, இருமிக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்தில் கண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. நின்றதுதான். அதன் பிறகு அந்த என்ஜின் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. உள்ளே நேர்ஸ் நோனா பிள்ளையை வாங்கித் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். இரண்டு மாதம் அங்கேயே வைத்திருந்து, பிள்ளையைப் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். ஞானேஸ்வரி என்று பேர் வைத்தார்கள்.

காரைக் கயிறு கட்டிக் கட்டுக்கலைக்கு இழுத்து வந்தார்கள். பொன்னுத்துரை திறந்து பார்த்தார். "என்ன காணும், என்ஜினுக்கை களியே கிண்டினனீர்?" என்று சிரிக்கத் தொடங்கியவர், பளீலின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். என்ஜின் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. உடைந்து கிடந்த வேறொரு காரின் என்ஜினைத் தேடிப் பிடித்துப் பூட்டிக் கொடுத்தார். சூட்டுப்பெட்டியை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அதைக் கழற்றிக் கையில் தந்துவிட்டார். கைரியா அதைக் கழுவித் துடைத்து அலுமாரிக்கு மேல் வைத்தாள். அந்த வருஷம் அவள் கழுத்துக்குச் சங்கிலி வருவதாக இருந்தது, வரவில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

ஹேவாஹெட்டையில் வேறு கதை ஓடிற்று. மூக்கையா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்: ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காக நானா தன் என்ஜினையே வெடிக்க விட்டார் என்று. பளீல் மேலே போனால் தேநீர் வந்தது, வாழைக்குலை வந்தது, அவன் பேரைச் சொல்லிக் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். தேநீரைப் பாதியில் வைத்துவிடுவான். உண்மையைச் சொல்லி மாரிலடித்து அழ வேண்டும்போல் இருக்கும், சொல்ல மாட்டான். திரும்பும் வழியில் பள்ளத்தாக்கில் வெள்ளைக் கடல் நிற்கும். அதைப் பார்க்காமல் வருவான். கணப்பு இல்லாத காரையும் அவர்கள் கணப்புக் கார் என்றே கூப்பிட்டார்கள்.

கைரியாவிடம் மட்டும் சொன்னான். எலி குற்றமற்றது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. "இத எனக்கிட்ட சொல்லி என்னத்துக்கு? அந்தப் புள்ளேட உம்மாக்கிட்ட பெய்த்துச் சொல்லுங்க," என்றாள். அவன் சரி என்றான். எட்டு மாதம் போயிற்று.

ஆவணியில் மூக்கையா ஆள் அனுப்பினார். பிள்ளைக்குக் கண்டிக் கதிரேசன் கோயிலில் மொட்டை போட வேண்டும்; வேறெந்தக் காரிலும் ஏற மாட்டோம். பளீல் போனான். பிள்ளை உருண்டு திரண்டு, பார்க்கிறவர்களின் மூக்கைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு வளர்ந்திருந்தாள். வெயில் நாள். மூன்று மைல் இறங்கியதும் பரிமளம், "நானா, அந்த ஓடையடியில கொஞ்சம் நிப்பாட்டுங்க. இவளுக்குப் பசி," என்றாள்.

அதே வளைவு. மூக்கையா கை கழுவ ஓடைக்கு இறங்கிப் போனார். பரிமளம் மடியில் பிள்ளையை இருத்தி, ஒரு தகரப் பேணியின் மூடியைத் திறந்தாள். உள்ளே பிள்ளைக்குக் காய்ச்சிய குரக்கன் கூழ். இளஞ்சூட்டில் ஆவி எழுந்தது. அந்த வாசனை கார் முழுவதும் பரவிற்று.

பளீல் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "தங்கச்சி, அண்டைக்குக் கணப்பு கெட்டது என்னாலதான். ஓட்டையை அடைக்க நான் குரக்கன் மா போட்ட. மூணு தடவ போட்ட. அது வெந்து கொழாயெல்லாம் அடைச்சிட்டு. நான் போடாம இருந்திருந்தா ஒங்கட புள்ள சூடாவே வந்திருப்பா. என்ஜின நான் குடுக்கல்ல. நான் செஞ்ச பாவத்துக்கு அது போச்சு."

பின்னால் கரண்டி பேணியில் உரசுகிற சத்தம் கேட்டது.

"தெரியும் நானா," என்றாள் பரிமளம்.

அவன் திரும்பினான். அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மொதப் போத்தல நெஞ்சோட வச்சப்பவே வாசம் வந்திருச்சு. காலையிலயும் ராவுலயும் இதத்தானே கிண்டுறேன், எனக்குத் தெரியாதா? புள்ள மேலயும் ரெண்டு நாளைக்கு அந்த வாசம் இருந்துச்சு."

"அப்ப ஏன் தங்கச்சி ஒண்ணும் சொல்லல்ல?"

"சொன்னா இவரு ஒங்கள ஏசியிருப்பாரு. ஒங்க கை நடுங்கியிருக்கும்." அவள் இன்னொரு கரண்டி எடுத்து ஊதினாள். "இன்னும் பதினேழு மைலு மலை ரோடு. எம்புள்ள ஒங்க கையிலல்ல நானா இருந்துச்சு."

பளீலுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. "பொறகாவது கேட்டிருக்கலாமே," என்றான்.

"ஒங்க மொகமே சொல்லிக்கிட்டுத்தானே இருந்துச்சு. வாயும் ஒரு நாளைக்குச் சொல்லும்னு விட்டுட்டேன்."

மூக்கையா ஈரக் கையை உதறிக்கொண்டு மேலே ஏறி வந்தார். "என்ன ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றாள் பரிமளம். "இனிமே குரக்கன் மாவு புள்ளைக்கு மட்டும்தான்னு நானாக்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

மூக்கையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏறிக் கதவைச் சாத்தினார். பளீல் காரை எடுத்தான். கீழே பள்ளத்தாக்கில் மிச்சமிருந்த பனி வெயிலில் கரைந்துகொண்டிருந்தது. அவன் அதை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, கண்ணை ரோட்டுக்குத் திருப்பினான். பின்னால் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிப் போயிருந்தாள்.